பாட்டுக்கு இடம் தேடியவர்



சில நாட்களுக்கு முன் ஒரு கல்லூரியின் திரைப்படக் கழகத்தார் பழைய அமெரிக்கப் படம் ஒன்றைத் திரையிட்டார்கள். 1952-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' என்னும் படம் அது. மழையிலே பாடுதல் என்பது அத்தலைப்பின் பொருள். படம் முடிந்தபின் அதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் நடிகர்களைப் பற்றிப் பேசினேன். நடனத்தைப் பற்றிப் பேசினேன். படத்தை இயக்கிய ஜீன் கெல்லி, ஸ்டான்லி டோனன் இருவரையும் பாராட்டிவிட்டு அமர்ந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, தயாரிப்பாளர் ஆர்தர் பிரீட் என்று தொடக்கத்தில் ஒரு பெயர் வந்தது. பாடல்களை எழுதியவர் என்ற இடத்திலும் அதே பெயர் வந்தது. பணம் போட்டவரே பாட்டும் எழுதிக்கொண்டாரா?" என்று கேட்டார்.

அவையில் பெருஞ்சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துக்கொண்டே இரண்டு வாக்கியங்களில் ஏதோ விடை கூறி முடித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. ஒரு திரைப்படத்தில் தயாரிப்பாளர் என்பவர் செய்வதுதான் என்ன? அன்று முழுமையாகச் சொல்லாத விடையை இன்று வானொலி வாயிலாகச் சொல்ல விழைகின்றேன். ஆர்தர் பிரீட் என்னும் அந்த ஒரு மனிதரின் வாழ்க்கையே அதற்குப் போதுமான விடையாகும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் நாட்டிலே தயாரிப்பாளர் என்றால், படத்துக்கு மூலதனம் போடுகிறவர், அதாவது படமுதலாளி என்றே பொதுவாகக் கொள்கின்றோம். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் கோலோச்சிய காலத்தில் அங்கு வழக்கம் வேறாக இருந்தது. பணம் கம்பெனியுடையது. தயாரிப்பாளர் அக்கம்பெனியிலே சம்பளம் வாங்கும் ஓர் அலுவலர். எந்தக் கதையைப் படமாக்குவது, அதை யார் எழுதுவது, யார் இயக்குவது, யார் நடிப்பது, எந்தப் பாட்டை வைப்பது, எதை எடுத்துவிடுவது என்பனவற்றை ஆராய்ந்து முடிவு செய்வதே அவருடைய வேலை. பிரீட் அத்தகைய தயாரிப்பாளர். மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் என்னும் கம்பெனியில் அவர் பணியாற்றினார். ஆகவே அம்மாணவர் கேட்டதில் முதற்பாதிக்கு விடை, பணம் போட்டவர் அவரல்லர் என்பது. இரண்டாம் பாதிக்கு விடை இன்னும் சுவையானது. அப்படத்துப் பாடல்களிற் பெரும்பாலானவை படத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. அவற்றை அவர் எழுதியது படம் எடுப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர். சிலவற்றை இருபது ஆண்டுகளுக்கும் முன்னர். பாட்டு முந்தியது; படம் பிந்தியது. அந்தக் கதைக்குப் பிறகு வருகின்றேன்.

ஆர்தர் பிரீட் 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். இளமைப் பருவத்தைப் பெரும்பாலும் அமெரிக்காவின் மேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரில் கழித்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபின் அவர் மேற்கொண்ட முதல் தொழில் இன்று எங்கும் காணப்படாத ஒன்று. அந்நாளில் வானொலி இல்லை. இசைத்தட்டும் எல்லார் வீட்டிலும் இல்லை. புதிய பாட்டொன்று மக்களைச் சென்றடைய வேண்டுமானால், அதன் சொற்களும் சுரக்குறிப்பும் அச்சிட்ட தாள்களாகக் கடைகளில் விற்றாக வேண்டும். வாங்குகிறவருக்குப் பாட்டு எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காகப் பதிப்பாளர்கள் ஆட்களை அமர்த்தினார்கள். அவர்கள் பியானோவின் முன் அமர்ந்து, வருவோர் போவோருக்கெல்லாம் புதுப் பாட்டுகளை வாசித்துப் பாடிக் காட்டுவார்கள். மேடைப் பாடகர்களை நாடிச் சென்று, "இந்தப் பாட்டு உங்கள் குரலுக்கு ஏற்றது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வற்புறுத்துவார்கள். பிரீட் சிக்காகோ நகரில் இந்த வேலையைச் செய்தார்.

நண்பர்களே, இந்த வேலையை எளிதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பாடகர்களைச் சந்திக்கும் ஒருவன், எந்தக் குரலுக்கு எந்தப் பாட்டுப் பொருந்தும் என்பதை விரைவில் கற்றுக்கொள்வான். கற்றுக்கொள்ளாவிடில் அவன் பிழைப்பு நடவாது. பிரீடின் பிற்காலப் புகழுக்கெல்லாம் வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது என்பது என் கருத்து. சிக்காகோவிலேதான் அவர் மின்னி மார்க்ஸ் என்னும் அம்மையாரைச் சந்தித்தார். பின்னாளில் உலகத்தையே சிரிக்கவைத்த மார்க்ஸ் சகோதரர்களின் தாயார் அவர். அச்சகோதரர்களின் குழுவோடு சேர்ந்து பிரீட் ஊர் ஊராகச் சென்று மேடைகளிற் பாடினார். 1923-இல் 'ஐ கிரைட் பார் யூ' என்னும் பாட்டுக்கு அவர் எழுதிய சொற்கள் அவருக்கு நாடறிந்த பெயரைத் தந்தன.

அக்காலத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி வாய்த்தார். நேசியோ ஹெர்ப் பிரவுன் என்பது அவர் பெயர். தையற்கடையும் வீட்டுமனை வியாபாரமும் நடத்தி நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் பிரவுன். மெட்டமைப்பது அவருக்கு ஓய்வுநேர விருப்பம். பிரவுன் மெட்டமைக்க, பிரீட் சொற்களை இட, இருவரும் பாட்டுகளைப் படைத்தார்கள். 1927-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஜாஸ் சிங்கர்' என்னும் படம் வெளியாயிற்று. திரையில் ஒருவன் வாய்திறந்து பாடியதை மக்கள் கேட்டார்கள். ஊமைப்படங்களின் காலம் சாயத் தொடங்கியது. ஒவ்வொரு கம்பெனியும் பாட்டெழுதுவோரைத் தேடி ஓடியது. மெட்ரோ கம்பெனியின் படத்தயாரிப்புத் தலைவராயிருந்த இர்விங் தால்பெர்க் என்னும் இளைஞர் பிரவுனையும் பிரீடையும் தேர்ந்தெடுத்தார். அவர்கள் பாடல்களோடு 1929-இல் 'பிராட்வே மெலடி' வெளிவந்தது. ஆஸ்கார் எனப்படும் பரிசு வழங்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே சிறந்த படத்துக்கான பரிசை அது பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதற் பேசும் படம் அதுவே.

அந்தப் படத்தோடு இணைந்த ஒரு நிகழ்ச்சியை நீங்கள் அறிந்துகொள்வது நலம். அக்காலத்தில் நடிகர் பாடும்போதே ஒலியையும் பதிவு செய்தார்கள். வாத்தியக் குழுவும் அதே அரங்கில் ஒருபுறம் அமர்ந்து வாசிக்கும். இப்படத்தில் 'வர்ணப் பொம்மையின் திருமணம்' பற்றிய பெரிய நடனக் காட்சியொன்று உண்டு. எடுத்து முடித்துப் பார்த்தபோது காட்சியமைப்புத் தால்பெர்க்குக்குப் பிடிக்கவில்லை; மீண்டும் எடுக்கச் சொன்னார். ஒலிப்பதிவுப் பகுதியின் தலைவர் டக்ளஸ் ஷியரர் அப்போது ஒரு யோசனை கூறினார். "படந்தான் சரியில்லை, ஒலி நன்றாகவே இருக்கின்றது. முன்பு பதிந்த ஒலியை ஒலிபெருக்கியிற் போட்டு, அதற்கேற்ப ஆடச் செய்து படத்தை மட்டும் எடுத்தால் என்ன?" என்பது அந்த யோசனையின் சாரம். அவ்வாறே செய்தார்கள், வாத்தியக்காரர்களுக்கு இரண்டாம் முறை கூலி கொடுக்கும் செலவும் மிஞ்சியது. பாட்டை முதலிற் பதிவு செய்து, பிறகு அதற்கு வாயசைத்து ஆடிப் படமெடுக்கும் முறை இவ்வாறுதான் அங்கு வேரூன்றியது. இன்று உலகெங்கும் பாட்டுள்ள படங்கள் நடைபோடும் பாதையில், அந்த வர்ணப் பொம்மையின் காலடியும் பதிந்திருக்கின்றது.

ஆனால் புதுமை விரைவிலேயே சலித்தது. படங்கள் பேசத் தொடங்கிய உற்சாகத்தில் கம்பெனிகள் கணக்கின்றிப் பாட்டுப்படங்களை எடுத்துத் தள்ளின. 1930-ஆம் ஆண்டு முடிவதற்குள் மக்கள் முகம் சுளிக்கத் தொடங்கினார்கள். எடுத்து முடித்த படங்களிலிருந்துகூடப் பாட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு வெளியிட்டார்கள். ஏன் அப்படி ஆயிற்று? பாட்டு கெட்டுப்போகவில்லை, பாட்டுக்குக் கதையில் இடம் இல்லை. கதை ஒருபுறம் போகும், திடீரென்று நிற்கும், ஒரு பாட்டு வரும், அது முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து மீண்டும் நகரும். அந்தப் பாட்டை நீக்கிவிட்டாலும் கதைக்கு ஒரு குறையும் நேராது. நீக்கினால் குறைவுபடாத ஒன்றை மக்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

இந்தப் பத்தாண்டுக் காலம் பிரீட் பாடலாசிரியராகவே உழைத்தார். ஆனால் பாட்டெழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. படப்பிடிப்பு அரங்குகளிலும் வெட்டி ஒட்டும் அறைகளிலும் சுற்றிச் சுற்றி வந்தார். தாம் எழுதிய பாட்டு எந்த இடத்தில் உயிர்பெறுகின்றது, எந்த இடத்தில் செத்துக் கிடக்கின்றது என்பதைக் கண்ணாரக் கண்டார். கம்பெனித் தலைவர் லூயி மேயர் இதைக் கவனித்தார். 'விசார்ட் ஆப் ஓஸ்' என்னும் குழந்தைக் கதையைப் படமாக்கியபோது, தயாரிப்பாளர் மெர்வின் லெராய்க்குத் துணையாகப் பிரீடை அமர்த்தினார். அப்படத்தின் பெயர்ப்பட்டியலில் பிரீடின் பெயர் இல்லை.

1939-இல் வெளிவந்த அந்தப் படத்தில் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீட்டுச் சிறுமியாக ஜூடி கார்லண்ட் நடித்தார். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 16. ஹெரால்ட் ஆர்லன் மெட்டமைத்து யிப் ஹார்பர்க் எழுதிய 'ஓவர் தி ரெயின்போ' என்னும் பாட்டை அவர் அதிற் பாடினார். வானவில்லுக்கு அப்பால் எங்கோ ஒரு நல்ல உலகம் இருக்குமென்று ஏங்கும் பாட்டு அது. வெளியீட்டுக்கு முன் படத்தைச் சிலருக்குக் காட்டிப் பார்த்தார்கள். படம் நீளம் என்று தோன்றியது. பண்ணைக் கொட்டிலில் நின்றுகொண்டு ஒரு பெண் மெதுவாகப் பாடுவது கதையைத் தாமதப்படுத்துகின்றது என்று கம்பெனி அதிகாரிகள் கருதினார்கள். பாட்டை வெட்டிவிட்டார்கள்! லெராயும் பிரீடும் விடாமல் வாதாடி அதை மீண்டும் சேர்க்கச் செய்தார்கள். அவ்வாண்டின் சிறந்த பாட்டுக்கான ஆஸ்கார் பரிசு அதற்கே கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கருதிப் பாருங்கள். அந்தப் பாட்டு பிரீட் எழுதியதன்று. பாட்டெழுதும் தொழிலில் அவருக்குப் போட்டியாளர்களான இருவர் எழுதியது. அதைக் காக்க அவர் ஏன் வாதாட வேண்டும்? அந்தச் சிறுமியின் ஏக்கத்தை நாம் முதலில் உணர்ந்தால்தான், பிறகு அவள் காணும் வண்ண உலகமும், அதைவிட வீடே மேல் என்று திரும்பும் அவளது மனமும் நமக்குப் பொருள்படும். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் கதையின் வேரையே எடுத்துவிட்டதாகும். வெட்டினாலும் குறைவுபடாத பாட்டுகளைப் பத்தாண்டு கண்டு சலித்தவருக்கு, வெட்டக்கூடாத பாட்டு எது என்பது தெரிந்திருந்தது.

அதே 1939-இல் 'பேப்ஸ் இன் ஆம்ஸ்' என்னும் படத்தைத் தம் பெயரிலேயே தயாரித்தார். அதன்பின் சுமார் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 40 இசைப்படங்கள் அவர் பொறுப்பில் வெளிவந்தன. அவற்றை உருவாக்கிய குழுவை 'பிரீட் பிரிவு' என்றே அழைத்தார்கள். அந்தக் குழுவைச் சேர்த்ததுதான் அவர் செய்த பெருஞ்செயல் என்று நான் எண்ணுகின்றேன். இசையறிவு மிக்க ரோஜர் ஈடன்ஸ் அவருக்கு வலக்கையாக விளங்கினார். நியூயார்க் நாடக மேடைக்குக் காட்சியமைத்துக்கொண்டிருந்த வின்சென்ட் மினெல்லியை அழைத்து வந்து இயக்குநராக்கினார். மேடையிலே புகழ்பெறத் தொடங்கிய ஜீன் கெல்லிக்கு 1942-இல் 'பார் மீ அண்ட் மை கால்' என்னும் படத்திலே முதல் வாய்ப்பளித்தார். பெட்டி காம்டன், அடால்ப் கிரீன் என்னும் எழுத்தாளர் இருவரையும் கொண்டுவந்தார். இவர்களிற் பலர் ஹாலிவுட்டுக்குப் புதியவர்கள். இன்ன செயலை இன்னாரிடம் விடுவது என்று ஆராய்ந்து தேர்வதற்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டல்லவா? பிரீட் ஆட மாட்டார், இயக்க மாட்டார், ஆனால் ஆடத் தெரிந்தவர் யார், இயக்கத் தெரிந்தவர் யார் என்பதை அறிவார். அறிந்தபின் அவர்கள் வேலையிற் பெரும்பாலும் தலையிட மாட்டார். ஓய்வு நேரத்தில் ஆர்க்கிட் பூச்செடிகளை வளர்ப்பது அவருக்கு மிகுந்த விருப்பம். எளிதிற் பூக்காத அச்செடிகளை வளர்த்த பொறுமை இங்கும் உதவியிருக்கலாம்.

இந்தக் குழுவின் வேலை எத்தகையது என்பதற்கு 1944-இல் வெளிவந்த 'மீட் மீ இன் செயின்ட் லூயி' என்னும் படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியைக் கூறுகின்றேன். 1903-ஆம் ஆண்டில் செயின்ட் லூயி நகரில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை அது. வில்லன் இல்லை, கொலை இல்லை, பெரிய திருப்பமும் இல்லை. தந்தைக்கு நியூயார்க்கில் உயர்ந்த வேலை கிடைக்கின்றது; எல்லாரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்கிறார். பெண்களெல்லாம் மனமுடைந்து, உண்ண எடுத்த பலகாரத்தையும் விட்டுவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகின்றார்கள். கூடத்திலே தாயும் தந்தையும் மட்டும் தனித்து நிற்கின்றார்கள். தாய் பியானோவின் முன் அமர்ந்து ஒரு பழைய மெட்டை வாசிக்கின்றாள். தந்தை அருகே நின்று தயங்கித் தயங்கிப் பாடத் தொடங்குகின்றார். காலம் போனாலும் நாம் இருவரும் சேர்ந்திருப்போம் என்னும் கருத்துடைய எளிய பாட்டு அது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வருகின்றார்கள். பலகாரத் தட்டுகளை எடுத்துக்கொண்டு பேசாமல் அமர்கின்றார்கள். யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. பாட்டு முடியும்போது குடும்பம் ஒன்றாகியிருக்கின்றது. பத்துப் பக்க வசனம் செய்ய வேண்டியதை ஒரு பாட்டு செய்து முடித்துவிட்டது.

அந்தப் பாட்டின் சொற்களை எழுதியவர் பிரீட், மெட்டு பிரவுனுடையது. தந்தையாக நடித்த லியோன் ஏம்ஸுக்காகப் பின்னணியிற் பாடியவர் யார் என்று நினைக்கின்றீர்கள்? தயாரிப்பாளர் ஆர்தர் பிரீடேதான். தேர்ந்த பாடகரின் குரல் அங்கே பொருந்தாது; வீட்டிலே பாடும் ஒரு தந்தையின் குரல்தான் வேண்டும். சிக்காகோவிலே பியானோ முன் அமர்ந்து கடைக்கு வந்தவர்களுக்குப் பாடிக் காட்டிய அதே குரல் அங்கே பயன்பட்டது.

இனி நாம் தொடங்கிய படத்துக்கு வருவோம். 1951-இல் பிரீடின் 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' வெளியாயிற்று. ஜார்ஜ் கெர்ஷ்வின் என்னும் இசைமேதையின் பாடல்களைக் கொண்டே முழுவதும் அமைந்த படம் அது. இறுதியில் சுமார் 17 நிமிடம் ஒரு சொல்லும் பேசாமல் நடனமே நிகழும். 1952-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது சிறந்த படத்துக்கான பரிசைப் பெற்றது. அதே விழாவில் தயாரிப்பாளர்களுக்குரிய தனி விருதும் பிரீடுக்குக் கிடைத்தது. அந்த விருதின் பெயர் இர்விங் தால்பெர்க் விருது. முன்னாளில் தம்மை வேலைக்கு எடுத்த இளைஞரின் பெயரால் அமைந்த விருதை அவர் கையில் ஏந்தினார். தால்பெர்க் 1936-லேயே காலமாகியிருந்தார்.

இதற்கு முன்னரே, 1950-இல், காம்டனையும் கிரீனையும் அழைத்துப் பிரீட் ஒரு வேலை கொடுத்திருந்தார். தாமும் பிரவுனும் முன்னாளில் எழுதிய பாடல்களை வைத்து ஒரு கதை எழுத வேண்டும் என்பதே அது. கதை என்ன என்று அவர் சொல்லவில்லை. எழுத்தாளர் இருவரும் திகைத்தார்கள். பழைய பாட்டுகளை மீண்டும் மீண்டும் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது. அந்தப் பாட்டுகள் எல்லாம் தாம் பிறந்த காலத்தின் மணத்தோடு இருந்தன. அவற்றைப் புதுக்காலத்துக் கதையில் நுழைத்தால் ஒட்டாது. படங்கள் பேசத் தொடங்கிய அந்த நாட்களிலேயே கதையையும் வைத்துவிட்டால் என்ன? இவ்வாறுதான் ஊமைப்பட நடிகர்கள் பேச்சுக் கலையைக் கற்கத் திண்டாடும் அந்த நகைச்சுவைக் கதை பிறந்தது.

தலைப்புப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் 'ஹாலிவுட் ரெவ்யூ' என்னும் படத்தில் கிளிப் எட்வர்ட்ஸ் என்பவர் அதைப் பாடினார். மழையங்கி அணிந்த ஆடற்குழுவினர் சுற்றி நிற்க, மேடையிலே மழை பெய்யும். அழகான காட்சிதான். ஆனால் பாடுகிறவர் யார், ஏன் மகிழ்கின்றார், ஏன் நனைகின்றார் என்று கேட்டால் விடை இல்லை. 1952-இல் அதே சொற்கள், அதே மெட்டு. கதாநாயகன் தன் காதலியை வீட்டு வாயிலில் விட்டுவிட்டு வெளியே வருகின்றான். தொழில் அழியும் நிலையிலிருந்த அவனுக்கு அன்றிரவுதான் ஒரு வழி தோன்றியிருக்கின்றது; காதலும் உறுதியாகியிருக்கின்றது. காத்திருக்கும் வண்டியை வேண்டாமென்று அனுப்பிவிடுகின்றான். நாலடி நடந்ததும் குடையை மடக்குகின்றான். கூரைக் குழாயிலிருந்து கொட்டும் நீரைத் தலையில் வாங்குகின்றான். தெருநீரிற் குழந்தையைப்போலக் குதிக்கின்றான். ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கின்றார். வெட்கத்தோடு ஆட்டத்தை நிறுத்தி, எதிரே நனைந்துகொண்டு போகும் ஒருவர் கையில் குடையைக் கொடுத்துவிட்டுப் போகின்றான். இப்போது அந்தப் பாட்டுக்கு ஓர் ஆள் இருக்கின்றான். ஒரு காரணம் இருக்கின்றது. ஓர் இரவு இருக்கின்றது. இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பாட்டு தன் இடத்தை அடைந்தது.

அப்படத்துக்கு ஓர் ஆஸ்கார் பரிசுகூடக் கிடைக்கவில்லை. ஆயினும் காலம் அதற்கு வேறு தீர்ப்பு வழங்கியது. 1989-இல் அமெரிக்க நாட்டின் திரைப்படப் பதிவேடு தொடங்கப்பட்டபோது, பாதுகாக்கத்தக்கவை என்று முதன்முதலில் தேர்ந்த 25 படங்களில் அதுவும் ஒன்று; 'விசார்ட் ஆப் ஓஸ்' மற்றொன்று. 1958-இல் பிரீட் தயாரித்த 'ஜீஜீ' ஒன்பது ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. இதற்கிடையே தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்திருந்தது. பெருஞ்செலவில் இசைப்படம் எடுக்கும் துணிவு கம்பெனிகளுக்குக் குறைந்தது. 1960-க்குப் பின் அவர் இசைப்படம் எடுக்கவில்லை. 1963 முதல் 1967 வரை ஆஸ்கார் பரிசு வழங்கும் கழகத்தின் தலைவராயிருந்தார். 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் காலமானார்.

இத்துடன் நான் நிறுத்திக்கொண்டால் உங்களுக்குப் பாதிதான் சொன்னவனாவேன். படிக்கும் பருவத்தினராகிய உங்களிடம் ஒருவருடைய ஒளியை மட்டும் காட்டி நிழலை மறைப்பது முறையன்று.

ஜூடி கார்லண்டின் புகழ் பிரீடின் படங்களில் வளர்ந்தது. ஆனால் ஓய்வின்றி உழைக்கவைத்தார்கள் என்றும், விழித்திருக்க ஒரு மாத்திரையும் உறங்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள் என்றும் அவரே பிற்காலத்திற் கூறினார். 1949-இல் உடலும் உள்ளமும் தளர்ந்த நிலையில் பிரீடின் படமொன்றிலிருந்து அவர் நீக்கப்பட்டார். மறு ஆண்டிலேயே கம்பெனியிலிருந்தும் விலகினார். 47-ஆம் வயதில் அவர் வாழ்வு முடிந்தது. வானவில் பாட்டைக் காத்த கம்பெனியால் அதைப் பாடிய பெண்ணைக் காக்க முடியவில்லை.

லீனா ஹோர்ன் என்னும் கறுப்பினப் பாடகியின் கதையும் நினைக்கத்தக்கது. 1943-இல் முழுவதும் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு 'கேபின் இன் தி ஸ்கை' என்னும் படத்தைப் பிரீட் தயாரித்தார். அதில் லீனா ஹோர்ன் நடித்தார். ஆனால் கம்பெனியின் வேறு பல படங்களில் அவருடைய பாட்டுகளைக் கதையோடு ஒட்டாமல் தனியே அமைத்தார்கள். நிறவெறி மிகுந்த தென்மாநிலக் கொட்டகைகளில் அவற்றை எளிதாக வெட்டிவிடலாம் என்பதே காரணம். 1946-இல் பிரீடின் படமொன்றில், 'ஷோ போட்' நாடகத்துக் கலப்பினப் பெண்ணாகிய ஜூலியாகத் தோன்றி லீனா ஹோர்ன் ஒரு பாட்டுப் பாடினார். 1951-இல் பிரீட் அந்நாடகத்தையே முழுப் படமாக எடுத்தபோது, அந்தப் பாத்திரம் வெள்ளையரான ஏவா கார்ட்னருக்குப் போயிற்று. பாட்டுக்குக் கதையில் இடம் தேடித் தந்த காலம், பாடகிக்கு இடம் தர மறுத்தது.

பிரீடின் தனி நடத்தை பற்றியும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. குழந்தை நட்சத்திரமாயிருந்த ஷெர்லி டெம்பிள் 1988-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பன்னிரண்டு வயதில் பிரீடைச் சந்திக்கச் சென்றபோது அவர் தம்மிடம் முறைகெட்டு நடந்ததாக எழுதியிருக்கின்றார். அப்போது பிரீட் உயிருடன் இல்லை. யாரை முன்னே நிறுத்துவது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒரே கையில் குவியுமிடத்தில், எதிர்த்துப் பேச வலியற்றவர்கள் படும் துன்பம் வெளியே வர எத்தனை காலம் ஆகின்றது என்பதை இது காட்டுகின்றது. அழகிய படங்களைப் பார்த்து மகிழும்போது இதையும் நாம் மறக்கலாகாது.

அந்த மாணவருக்கு இப்போது என் விடையைச் சொல்லிவிடுகின்றேன். தம்பி, அவர் பணம் போடவில்லை; படத்துப் பாடல்களிற் பெரும்பாலானவற்றைப் படத்துக்கென்று எழுதிக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும், ஒவ்வொரு கலைஞருக்கும் உரிய இடம் எது என்று தேடினார். தேடிக் கண்ட இடங்களில் அழியாத கலை பிறந்தது. அவர் காலமும் அவரும் இடம் தர மறுத்த இடங்களில் ஆறாத குறை நின்றது. தயாரிப்பாளர் வேலையின் பெருமையும் பொறுப்பும் இவ்விரண்டிலும் அடங்கும்.

இன்னும் ஒரு செய்தி. 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்துக் கதையில், கீச்சுக்குரல் படைத்த ஒரு நட்சத்திரத்துக்காகத் திரைக்குப் பின்னால் நின்று ஓர் இளம்பெண் பாடுகின்றாள். இறுதியில் திரை விலக, பாடியவள் யார் என்பதை உலகம் அறிகின்றது. அந்த இளம்பெண்ணாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். ஆனால் கதையில் அவர் மற்றவளுக்காகப் பாடுவதாக வரும் பாட்டை உண்மையிற் பாடியவர் பெட்டி நாய்ஸ் என்னும் வேறொரு பாடகி. மறைந்து நின்று பாடுகிறவளுக்கு நியாயம் கேட்ட அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அடுத்த முறை படம் பார்க்கும்போது, பெயர்கள் முடிந்துவிட்டன என்று எழுந்துவிடாமல், அங்கே வராத பெயர்களையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.